இழுத்தால் பருக்கும் பஞ்சு

ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து இழுத்துப் பாருங்கள். நீளும், நீள நீள மெலியும். பிசைந்த மாவை இரு கைகளாலும் பிடித்து இழுத்தால் நடுவில் இடை ஒடுங்கும். அதே மாவை மேலிருந்து அழுத்தினால் பக்கங்களில் பிதுங்கும். ஓரிடத்தில் கொடுத்ததை இன்னோரிடத்தில் வாங்கிக்கொள்ளும் இந்தக் கணக்கைச் சிறுவயதிலேயே விரல்கள் கற்றுக்கொண்டுவிடுகின்றன. பள்ளியில் அதற்குச் சூத்திரம் சொல்லித்தரும்போது நாம் வியப்பதில்லை. ஏற்கெனவே தெரிந்ததற்கு ஒரு பெயர் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்குக்கு அடங்காத ஒரு பொருளோடு நாங்கள் இருவர் இரண்டு ஆண்டுகளைக் கழித்தோம். இழுத்தால் அது பருக்கும். அழுத்தினால் பக்கங்களில் பிதுங்காமல் உள்ளே ஒடுங்கும். பார்ப்பதற்குச் சோபாவிலிருந்து பிய்த்தெடுத்த சாதாரண நுரைப்பஞ்சுபோலத்தான் இருக்கும். அதைச் செய்தது எப்படி, அதை நம்பி நாங்கள் கொடுத்த ஒரு வாக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. அறிவியலையும் வீட்டுக் கதையையும் ஒன்றாகக் கலப்பது சில வாசகர்களுக்கு உவப்பாக இராது. எங்களுக்கு அவை கலந்தேதான் நிகழ்ந்தன.

*

முதலில் பெயர். நீளவாக்கில் இழுக்கும்போது ஒரு பொருள் குறுக்குவாக்கில் எவ்வளவு ஒடுங்குகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்குப் பாய்சன் விகிதம் என்று பெயர். 1781-ல் பிறந்து 1840-ல் மறைந்த பிரெஞ்சுக் கணிதமேதை சிமியோன் தெனி பாய்சன் இந்த எண்ணைக் கோட்பாட்டிலிருந்தே வருவித்தார். எல்லாத் திசைகளிலும் ஒரே குணமுடைய எந்தப் பொருளுக்கும் அது கால் என்றே இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு. பிற்காலச் சோதனைகள் அப்படி இல்லை என்று காட்டின. எஃகுக்கு ஏறக்குறைய 0.3. ரப்பருக்கு 0.5-ஐ ஒட்டி. தக்கைக்கு ஏறத்தாழச் சுழி. தக்கையைப் புட்டியின் கழுத்துக்குள் அழுத்தி நுழைக்க முடிவதற்கு இதுவே காரணம்: அழுத்தும்போது அது பக்கவாட்டில் பருத்து முரண்டு பிடிப்பதில்லை. ரப்பர் அடைப்பானை அப்படி நுழைக்க முயன்றவர்களுக்கு வேறுபாடு புரியும்.

கோட்பாடு இந்த எண்ணுக்கு இரண்டு எல்லைகள் வகுத்திருக்கிறது. எல்லாத் திசைகளிலும் ஒரே குணமுடைய பொருளுக்கு மேல் எல்லை 0.5, கீழ் எல்லை மைனஸ் 1. அதாவது எதிர்மறை எண்ணை இயற்கையின் சட்டம் ஒருபோதும் தடுத்ததில்லை. அகஸ்டஸ் லவ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர், மீள்திறன் பற்றி 1892-ல் எழுதத் தொடங்கிய பெருநூலில், இரும்புப் பைரைட் படிகம் ஒன்றுக்கு அந்த எண் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு எதிர்மறையாக இருக்கக்கூடும் என்று குறித்திருந்தார். படித்தவர்கள் அதை ஒரு விந்தையாகக் கருதிப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள்.

கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு பொருளாக அது வந்தது பிப்ரவரி 1987-ல். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த ராடரிக் லேக்ஸ், ‘சயின்ஸ்’ இதழில் மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார. பாலியூரித்தேன் நுரைப்பஞ்சுத் துண்டு ஒன்றை நீளம், அகலம், உயரம் மூன்று திசைகளிலும் ஒருசேர அமுக்கி ஓர் அச்சுக்குள் அடைத்தார். பஞ்சு இளகும் வெப்பத்துக்குச் சற்று மேலே, 163-லிருந்து 171 டிகிரி செல்சியஸில், அச்சைச் சூடாக்கினார். குளிரவிட்டு வெளியே எடுத்தார். அமுக்கிய வடிவத்திலேயே பஞ்சு நின்றுவிட்டது. 0.4 என்றிருந்த அதன் விகிதம் மைனஸ் 0.7 ஆகியிருந்தது. ஓர் அச்சு, ஓர் அடுப்பு, ஒரு துண்டுப் பஞ்சு. இத்தனை எளிய கருவிகளைக் கொண்டு இத்தனை பழைய பழக்கம் ஒன்றை மாற்றிய கட்டுரையை நாங்கள் வேறு படித்ததில்லை.

1991-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கென் எவன்ஸ் இவ்வகைப் பொருள்களுக்கு ‘ஆக்ஸெடிக்’ என்று பெயரிட்டார். வளரும் இயல்புடையது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். தமிழில் இதற்கு ஒரு சொல் ஆக்க நாங்கள் பலமுறை முயன்று தோற்றோம். அந்தப் பஞ்சை ‘எதிர்ப்பஞ்சு’ என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

*

பஞ்சுக்குள் நிகழ்வது என்ன? நுரைப்பஞ்சு என்பது மெல்லிய பலபடிக் கம்பிகளால் ஆன கோடிக்கணக்கான கூண்டுகள். அது உருவாகும்போது இரசாயன வினையில் பிறக்கும் கரியமில வாயு குமிழிகளாக ஊதிப் பெருகுகிறது. குமிழிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. முகங்களின் தோல் கிழிந்து விளிம்புகள் மட்டும் கம்பிகளாக எஞ்சுகின்றன. ஒவ்வொரு கூண்டும் வெளிநோக்கிப் புடைத்த வயிறு உடையது. அப்படிப்பட்ட கூண்டை இழுத்தால் வயிறு ஒட்டும், பஞ்சு மெலியும்.

அதே கூண்டை எல்லாப் பக்கமிருந்தும் நசுக்கினால் கம்பிகள் உள்நோக்கி மடங்கும். இப்போது வயிறு புடைக்கவில்லை, உள்ளே குழிந்திருக்கிறது. உடுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகங்கள், நடுவில் ஒடுங்கிய இடை. அதன் பக்கங்கள் வளையும் கம்பிகளால் ஆனவை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முகங்களையும் பிடித்து விலக்கி இழுத்தால், உள்ளே மடிந்திருந்த கம்பிகள் நிமிரும். நிமிரும்போது இடையை வெளியே தள்ளும். உடுக்கை இடை பருக்கும். முகங்களை நெருக்கினால் இடை இன்னும் உள்ளே போகும். லேக்ஸ் செய்ததெல்லாம், புடைத்த கூண்டுகளை உடுக்கைகளாக்கி, வெப்பத்தால் அந்த வடிவத்தை அவற்றுக்கு மனப்பாடம் செய்வித்ததுதான். பொருள் மாறவில்லை. அதே பாலியூரித்தேன், அதே கம்பிகள். மடிப்பு மாறியது, குணம் மாறிவிட்டது.

*

2004-ஆம் ஆண்டு செப்டம்பரில் நாங்கள் இருவரும் இங்கிலாந்தின் வடக்கே ஒரு தொழில்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் முதுநிலை ஆய்வுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒருவருக்கு ஊர் கும்பகோணம், மற்றவருக்கு நாகர்கோவில். ஒரே அறை, ஒரே குக்கர், ஒரே அடுப்பு. ஆய்வகத்திலும் ஒரே அடுப்பு. இழுத்தால் பருக்கும் பஞ்சைக் கொண்டு சக்கரநாற்காலி இருக்கைகளும் மெத்தைகளும் செய்ய முடியுமா என்பதே எங்களுக்குத் தரப்பட்ட கேள்வி.

எங்கள் அச்சு 3 செ.மீ. சதுரக் குறுக்களவும் 9 செ.மீ. நீளமும் கொண்ட அலுமினியக் குழாய். அதற்குள் 4.3 செ.மீ. சதுரமும் 13 செ.மீ. நீளமும் உள்ள பஞ்சைத் திணிக்கவேண்டும். மூன்று திசைகளிலும் பத்தில் ஏழாகக் குறைந்தால் கனஅளவு ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிவிடும். எழுதுவதற்கு எளிது. செய்யும்போது, நுழையும் முனை சுருண்டுகொள்ளும். பக்கங்களில் மடிப்பு விழும். மடிப்பு விழுந்த இடத்தில் பஞ்சு வடுவோடு வெளியே வரும். குழாயின் உட்புறம் எண்ணெய் தடவி, மெல்லிய கம்பியால் மூலைகளை நீவி, தலையணைக்கு உறை மாட்டும் பெண்களின் பொறுமையோடு நுழைத்தோம்.

பிறகு அடுப்பு. வெப்பம் குறைந்தால், அச்சைவிட்டு எடுத்தவுடன் பஞ்சு பெருமூச்சு விட்டதுபோல விரிந்து பழைய அளவுக்கே போய்விடும். வெப்பம் கூடினால் கம்பிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கருகிய ரொட்டிபோலக் கெட்டித்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பதினோரு துண்டுகளைப் பாழாக்கினோம். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது, சான் என்பவரும் எவன்ஸும் 1997-ல் எழுதிய பலகட்டச் செய்முறை: ஒரே மூச்சில் அமுக்காமல் கட்டங்களாக அமுக்குவது, இடையிடையே வெளியே எடுத்து மெல்ல இழுத்துவிட்டு ஒட்டிய கம்பிகளைப் பிரிப்பது, மீண்டும் அடைத்துச் சூடாக்குவது, இறுதியில் குறைந்த வெப்பத்தில் ஆறவைப்பது. இட்லிமாவைப் போலத்தான் இதுவும். புத்தகத்தில் அளவு இருக்கும்; கை தன் அளவைத் தானே கண்டுகொள்ளவேண்டும்.

பன்னிரண்டாவது துண்டை இழுத்தபோது, அதன் மேல் மையால் வைத்திருந்த புள்ளிகள் ஒன்றைவிட்டொன்று விலகின. நீளவாக்கில் மட்டுமல்ல, குறுக்குவாக்கிலும். அன்றிரவு நாங்கள் இருவரும் மாறிமாறி அதை இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். குழந்தைகூட ஒரு பொம்மையை அத்தனை தடவை இழுத்திருக்காது.

*

இனி அப்பாவைப் பற்றி. அவர் எங்களில் ஒருவருடைய தகப்பனார். ஓராண்டு ஓரறையில் வாழ்ந்தபின் யாருடைய தகப்பனார் என்பது முக்கியமில்லாமல் போய்விட்டதால் இங்கும் அப்பா என்றே எழுதுகிறோம். கும்பகோணத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் தையற்கடை வைத்திருந்தவர். 2005 மார்ச்சில் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. கத்தரிக்கோல் பிடித்த கை. நான்கு மாதங்களுக்குள் முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, எட்டணாக் காசு அளவில் புண் வந்துவிட்டது.

படுக்கைப்புண் எப்படி வருகிறது என்பதை நாங்கள் அப்போது ஆய்வுக்காகவே படித்துக்கொண்டிருந்தோம். எலும்பு துருத்தும் இடங்களில் உடலின் எடை முழுவதும் சில சதுர அங்குலங்களில் இறங்குகிறது. தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் இரத்தத்தின் அழுத்தம் மிகச் சிறியது. 1930-ல் அளக்கப்பட்டு அதன்பின் எல்லா நூல்களிலும் மேற்கோளாகிவிட்ட எண், 32 மில்லிமீட்டர் பாதரசம். வெளியிலிருந்து அதற்கு மேல் அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் குழாய்கள் மூடிக்கொள்கின்றன. இரத்தம் போகாத சதை சாகத் தொடங்குகிறது. நலமாக இருப்பவர் உறக்கத்திலும் புரண்டுகொண்டே இருக்கிறார். புரள முடியாதவருக்கு மெத்தை மெல்ல எதிரியாகிறது.

எதிர்ப்பஞ்சு இங்கே என்ன செய்யும் என்று நம்பினோம் என்பதைச் சொல்லவேண்டும். சாதாரணப் பஞ்சின் மேல் இடுப்பெலும்பு அமுங்கும்போது பொருள் அந்த இடத்தைவிட்டு விலகி ஓடுகிறது. எதிர்ப்பஞ்சில் சுற்றியுள்ள பொருள் அழுத்தும் இடத்தை நோக்கி வந்து கூடுகிறது. தேவைப்படும் இடத்தில் அடர்கிறது. இன்னொன்றும் உண்டு. ஓர் அழிரப்பரை வளைத்துப் பாருங்கள்: நீளவாக்கில் மேல்நோக்கி வளைந்தால் குறுக்குவாக்கில் கீழ்நோக்கி வளைந்து குதிரைச் சேணம்போல் ஆகிவிடும். எதிர்ப்பஞ்சை வளைத்தால் இரு திசையிலும் ஒரே பக்கம் வளைந்து கொட்டாங்குச்சிபோல் குவியும். மனித உடம்பில் சேணங்களைவிடக் குவிமாடங்களே அதிகம். இடுப்பு, குதிகால், தோள், தலை. அவற்றைத் தாங்க இதைவிடப் பொருத்தமான பொருள் வேறேது?

ஞாயிறுதோறும் தொலைபேசி அட்டையைச் சுரண்டி ஊருக்குப் பேசுவோம். ஒரு ஞாயிறு, ஆர்வமிகுதியில், பஞ்சைப் பற்றி அப்பாவிடம் சொன்னோம். இழுத்தால் அகலும் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாக்கு குழறினாலும் தொழில் குழறவில்லை.

“துணி அப்படிச் செய்யாதேப்பா. க்ராஸ்ல வெட்டி இழுத்தா இன்னும் குறுகும். அதுக்குத்தானே ரவிக்கைய க்ராஸ்ல வெட்டறது.”

அவர் சொன்னது முழு உண்மை. நெசவுத்துணியை மூலைவாட்டில் இழுத்தால் சதுரக் கண்கள் சாய்சதுரங்களாகி அகலம் வெகுவாகக் குறையும். பாய்சனின் பெயர் கேள்விப்படாமலே அந்த எண்ணை முப்பத்தைந்து ஆண்டுகள் கையாண்டவர் அவர். நாங்கள் விடவில்லை. இந்தப் பஞ்சில் உங்களுக்கு ஒரு மெத்தை செய்துகொண்டு வருகிறோம், புண் ஆறிவிடும், ஓர் ஆண்டு போதும் என்றோம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நலம் விசாரிப்பதற்கு முன்பே அவர் கேட்பது ஒன்றுதான். “மெத்தை எந்த மட்டுல இருக்கு?”

*

மெத்தை எந்த மட்டிலும் இல்லை. நுரைப்பஞ்சு வெப்பத்தைக் கடத்தாத பொருள். அதனால்தான் குளிர்சாதனப் பெட்டிகளின் சுவருக்குள் அதை நிரப்புகிறார்கள். 3 செ.மீ. துண்டின் நடுப்பகுதிக்கு வெப்பம் போய்ச் சேர்வதற்குள்ளேயே வெளித்தோல் இளகிவிடுகிறது. அதையே மெத்தை அளவுக்குப் பெருக்கினால், நடு சூடாவதற்குள் மேற்புறம் உருகிவிடும். கணக்கும் உதவவில்லை. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 10 செ.மீ. கனமுள்ள மெத்தைக்கு, அமுக்குவதற்கு முன் ஏறக்குறைய 2.9 மீட்டர் நீளமும் 1.4 மீட்டர் அகலமும் 14 செ.மீ. கனமும் கொண்ட பஞ்சு வேண்டும். மூன்று மெத்தைக்கான பஞ்சு ஒரு மெத்தைக்குள் போகவேண்டும். அதைச் சுருக்கமின்றி அடைக்க ஓர் அச்சும், அது நுழைய ஓர் அடுப்பும் வேண்டும்.

ஆனால் எங்களை உறங்கவிடாமல் செய்தது அளவுச் சிக்கல் அல்ல. அது ஒரு வரைபடம்.

நுரைப்பஞ்சின் இயல்பைப் பற்றி லோர்னா கிப்ஸனும் மைக்கேல் ஆஷ்பியும் 1988-ல் எழுதிய நூல் எங்கள் மேசையில் எப்போதும் இருக்கும். சாதாரணப் பஞ்சை அழுத்தும்போது மூன்று கட்டங்கள் தென்படும் என்பது அதன் பாலபாடம். முதலில் கம்பிகள் வளைந்துகொடுத்து விசை சீராக ஏறும். சில சதவீதம் அமுங்கியதும் கம்பிகள் முறியாமல் மடங்கத் தொடங்கும். அப்போது விசை ஏறாமலே பஞ்சு அமுங்கிக்கொண்டே போகும். கடைசியில் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு இடமின்றிப்போக, விசை செங்குத்தாக ஏறும். எதிர்ப்பஞ்சில் நடுவிலுள்ள சமவெளி இல்லை. அதன் கம்பிகள் ஏற்கெனவே மடங்கிவிட்டவை. புதிதாக மடங்க ஏதுமில்லை. ஆகவே கோடு ஏறக்குறைய நேராக, தளர்ச்சியில் தொடங்கிச் சீராக மேலேறுகிறது. அதுவரை மகிழ்ச்சிதான்.

அதே சோதனையில் பக்கவாட்டு அளவையும் ஒளிப்படக் கருவியால் பதிந்தோம். முதல் சில சதவீத அமுக்கத்தில் எங்கள் நல்ல துண்டுகள் மைனஸ் 0.3 வரை காட்டின. அமுக்கம் கூடக்கூட அந்த எண் சுழியை நோக்கி ஏறியது. 20 சதவீதத்தைத் தாண்டியபோது எதிர்மறை என்று சொல்லிக்கொள்ள ஏதும் மிஞ்சவில்லை. காரணம் எளியது. உடுக்கையின் இடை உள்ளே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. எதிரெதிர்க் கம்பிகள் தொட்டுக்கொண்டால் பிறகு ஒடுங்க இடமில்லை. இப்பஞ்சின் விந்தை சிறிய அசைவுகளில்தான் முழுமையாக வாழ்கிறது என்பது, எங்களுக்கு முன்பே பலர் அளந்து சொன்னதுதான். படித்திருந்தோம். படித்தது உள்ளே இறங்கவில்லை.

2006 மே மாதம் துறைக் கருத்தரங்கில் எங்கள் முறை வந்தது. தலைப்பில் படுக்கைப்புண் என்ற சொல் இருந்தது. திரையில் நாங்கள் காட்டிய வரைபடம் 5 சதவீதத்தோடு முடிந்தது. பொய் எதுவும் அதில் இல்லை. எண்கள் அனைத்தும் நாங்கள் அளந்தவை. அச்சை எங்கே வெட்டுவது என்பது மட்டும் எங்கள் விருப்பம். கைதட்டினார்கள். பின்வரிசையில் அமர்ந்திருந்த, இழுவைப்பொறியை இயக்கும் முதியவர் கையை உயர்த்தினார். தேநீர் வேளைகளில் அப்பாவின் நிலையை அவரிடம் சொல்லியிருந்தோம். அவர் மென்மையாகவே கேட்டார்: உங்கள் தந்தையார் மெத்தையில் படுக்கும்போது அது ஐந்து சதவீதம்தான் அமுங்குகிறதா?

இடுப்பின் அடியில் ஒரு மெத்தை அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட அமுங்கும். அது எங்களுக்குத் தெரியும். கேட்டவருக்கும் தெரியும். மேற்கொண்டு ஆய்வு தேவை என்று எதையோ சொல்லி இறங்கினோம்.

அடுத்த ஞாயிறு தொலைபேசியில் அக்கா பேசினாள். புண் ஆழமாகிக்கொண்டு வருவதாகவும், காற்றுப்படுக்கை வாங்கச் சொல்லி டாக்டர் மூன்று மாதங்களுக்கு முன்பே எழுதிக்கொடுத்ததாகவும் சொன்னாள். ஏன் வாங்கவில்லை என்று கேட்டோம்.

“அப்பாதான் வேணாங்கறார். பிள்ளைங்க செஞ்சு எடுத்துட்டு வர்றாங்க, எதுக்கு வீண் செலவுங்கறார்.”

அந்த அறையில் அன்று நாங்கள் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தோம் என்று நினைவில்லை. ஒரு வரைபடத்தை 5 சதவீதத்தில் வெட்டியது கருத்தரங்கை மட்டும் பாதித்த செயலாக இருந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டோம். அதே வெட்டைத்தான் ஞாயிறுதோறும் தொலைபேசியிலும் செய்துகொண்டிருந்தோம். நல்ல பகுதியை மட்டும் சொன்னோம். அதை முழுமை என்று நம்பிய ஒருவர் அதன்மேல் படுத்துக் காத்திருந்தார்.

அட்டையில் மீதமிருந்த நிமிடங்களில் அப்பாவிடம் உள்ளதைச் சொன்னோம். பஞ்சு உண்மை, மெத்தை வராது, எங்களால் மட்டுமல்ல, இப்போதைக்கு யாராலும் அந்த அளவில் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை, செய்தாலும் உங்கள் எடைக்கு அது பெரிதாக உதவும் என்று எங்களிடம் சான்று இல்லை. மறுமுனையில் சற்று மௌனம். பிறகு சொன்னார்:

“அளவு தப்பிடுச்சுன்னா துணிய வெட்டறதுக்கு முந்தி சொல்லிடணும். பரவாயில்லை, இப்பவாச்சும் சொன்னீங்களே.”

மறுநாள் பணம் அனுப்பினோம். சிறு மோட்டார் ஒன்று வரிசைமாற்றி ஊதியும் தளர்த்தியும் உடம்பைத் தாங்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும் காற்றுப்படுக்கை வந்தது. அத்துடன் அம்மாவும் அக்காவும் கடிகாரத்தில் மணி வைத்து, இரவும் பகலும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டினார்கள். ஏழு மாதத்தில் புண் ஆறியது. ஆற்றியது எது என்று கேட்டால், படுக்கையைவிட அந்தக் கடிகாரம் என்றே சொல்லுவோம்.

ஆய்வேட்டில் முழு வரைபடத்தையும் சேர்த்தோம். சுழியைத் தொட்டு அதற்கு மேல் ஏறுவதுவரை. முடிவுரையில், இந்நிலையில் இப்பஞ்சு கனத்த, நீடித்த சுமைக்கு ஏற்றதென்று சொல்வதற்கில்லை என்று எழுதினோம். பட்டம் கிடைத்தது.

*

2006 டிசம்பரில் இருவருமாகக் கும்பகோணம் போனோம். பெட்டியில் பன்னிரண்டாவது துண்டு இருந்தது. அப்பா அதை இடக்கையில் வாங்கினார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் துணியின் ஜாதி பார்ப்பதுபோல நிமிண்டினார். இழுத்துப் பார்க்க ஒரு கை போதவில்லை. அம்மா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள், அவர் மறுமுனையை இழுத்தார். அது பருத்தது. மறுபடி இழுத்தார். மறுபடி பருத்தது. வெகுநாள் கழித்து அவர் முகத்தில் தொழில்காரனின் சந்தேகச் சிரிப்பைப் பார்த்தோம்.

“இது தையலுக்கு ஆவாது. அளவெடுத்தா நிக்காது” என்றார். பிறகு, “அந்த மிஷின்கிட்ட வைங்க” என்றார்.

மூலையில் துணிபோர்த்திக் கிடந்த தையல் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே அவருடைய பழைய ஊசிப்பஞ்சு நைந்துபோய்க் கிடந்தது. அதிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இதில் குத்தச் சொன்னார். குத்தினோம். ஊசி இறங்கும்போது பஞ்சு அதைச் சற்று இறுகப் பற்றிக்கொண்டதுபோல் எங்களுக்குத் தோன்றியது. அளந்து பார்க்கவில்லை. ஆகவே அதை உண்மை என்று சொல்லமாட்டோம்.

அப்பா 2009-ல் நிமோனியாவில் காலமானார். உடலைக் குளிப்பாட்டும்போது முதுகில் வெளிறிய ஒரு வடு மட்டும் இருந்தது.

அதற்குப் பின் இந்தத் துறை எவ்வளவோ நகர்ந்துவிட்டது. அடுப்பே இல்லாமல் அசிட்டோன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து எதிர்ப்பஞ்சு செய்யும் வழியை 2009-ல் மால்டா பல்கலைக்கழகத்தின் ஜோசப் கிரிமா குழு வெளியிட்டது. 2016-ல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில், அழுத்தம் மிகுந்த கரியமில வாயுவைச் செலுத்தி, அறைவெப்பத்திலேயே பஞ்சை இளக்கிக் காட்டினார்கள். வாயு பஞ்சின் நடுவரை நுழையும். வெப்பத்தைப்போல் வாசலில் நின்றுவிடாது. இழுத்தால் விரியும் வடிவங்கள் ஓட்டக்காலணிகளின் அடியிலும் வந்துவிட்டன. செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் வரைபடம் எத்தனை சதவீதத்தில் முடிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறோம். அந்தப் பழக்கம் எங்களுக்கு மலிவாகக் கிடைத்ததல்ல.

பாலியூரித்தேன் எதிர்ப்பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. அச்சில்லாமல் மறுபடியும் சூடாக்கினால், கம்பிகள் நிமிர்ந்து பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும். மனப்பாடம் செய்தது அழிந்து, பிறவி நினைவு மீளும். இருவரும் இப்போது வெவ்வேறு ஊர்களில் இருக்கிறோம். சென்ற பொங்கலுக்குக் கும்பகோணத்தில் சந்தித்தபோது இழுப்பறையைத் திறந்தோம். பஞ்சு மஞ்சளித்திருந்தது. ஊசிகள் சில துருவேறியிருந்தன. அக்காவின் மகள் அவற்றைப் பிடுங்கி வைத்துவிட்டு, நாங்கள் சொல்லாமலேயே, இரு முனைகளையும் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் பருத்தது. “எப்படி மாமா?” என்று கேட்டாள்.

உடுக்கையிலிருந்து தொடங்கினோம்.